இரண்டு விழுக்காட்டின் எல்லை: பெண்களின் உடல்நலம், பாதுகாப்பு, நிறுவனக் கொடை

1. கேள்வி

இந்திய நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் ‘பெண்கள் உடல்நலமும் பாதுகாப்பும்’ என்ற தலைப்பு இப்போது அடிக்கடி தென்படுகிறது. மருத்துவ முகாம், இரும்புச்சத்து மாத்திரை, பள்ளி மாணவியருக்கு நாப்கின், கிராமத்துக்குக் கழிப்பறை, தற்காப்புப் பயிற்சி, கண்காணிப்புக் கேமரா என்று பலவும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. இவற்றால் பயனே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பெண்களுக்கு, எந்த இடத்தில், யாருடைய கேள்விக்குப் பதிலாக இந்தப் பணம் செலவாகிறது என்பது போதிய அளவு விவாதிக்கப்படவில்லை.

மேற்குத் தமிழகத்தின் நூற்பாலைகளையும் ஆடை ஏற்றுமதி ஆலைகளையும் முன்வைத்து இக்கேள்வியை இங்கே ஆராய்கிறேன். திருப்பூர், கோவை, ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்தில் இத்தொழில் பெண்களின் உழைப்பில்தான் நிற்கிறது. கொடை கொடுக்கும் நிறுவனமும் பெண்ணை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனமும் ஒன்றாகவே இருக்கும் சூழல் இது. என் வாதம் இதுதான்: உடல்நலத்தின் ஒரு பகுதியைக் கொடையாகக் கொடுக்க முடியும், வரலாற்றில் அதற்கு நல்ல சான்றுகள் உண்டு. ஆனால் ஆபத்து உற்பத்தி முறையிலேயே இருக்கும்போது பாதுகாப்பைக் கொடையாகக் கொடுக்க முடியாது. கொடுப்பவரைக் கேள்வி கேட்கும் அதிகாரம் பெண்ணின் கைக்கு வந்தால்தான் பாதுகாப்பு கிடைக்கும்.

2. கொடையால் எழுந்த மருத்துவமனைகள்

கொடையின் வலிமையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. திண்டிவனத்தில் ஒரே இரவில் பிரசவ வேதனையிலிருந்த மூன்று பெண்கள், ஆண் மருத்துவரை உள்ளே விட வீட்டார் மறுத்ததால் இறந்துபோனார்கள். அதுதான் மிஷனரி மருத்துவரின் மகளான ஐடா ஸ்கடரை மருத்துவம் படிக்கத் தூண்டியது. படிப்பு முடிந்து அவர் இந்தியா திரும்பும் வேளையில், நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்ற வங்கி முதலாளி தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தில் 1902இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) வேர் அது. அரை நூற்றாண்டுக்குப் பின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் வழியே பொதுமக்களிடம் நிதி திரட்டி 1954இல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார்.

இவ்விரண்டிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பணம் கொடுத்தவருக்கும் சிகிச்சை பெற்ற பெண்ணுக்கும் இடையே வேலை, கூலி என்ற உறவு இல்லை. எதற்கு எப்படிச் செலவிடுவது என்பதை நோயை அறிந்தவர்கள் தீர்மானித்தார்கள். ஒரு நாள் முகாமாக முடிந்துவிடாமல் தலைமுறைகளைத் தாண்டி நிற்கும் அமைப்பாகப் பணம் உருமாறியது.

கோவையின் ஆலை முதலாளிகளும் பெரிய கொடையாளர்களே. 1926இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. அறக்கட்டளை, லட்சுமி மில்ஸ் குடும்பம் 1952இல் நிறுவிய ஜி. குப்புசாமி நாயுடு நினைவு மருத்துவமனை ஆகியவற்றால் கொங்கு மண்டலம் அடைந்த நன்மை பெரிது. ஆனால் ஆலையின் உள்ளே பெண்களின் பாதுகாப்பு என்ற கேள்வி அதே நகரத்தில் எப்படி வெளிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். ரங்கவிலாஸ் ஆலையின் பெண் தொழிலாளி ஒருவர்மீது நிகழ்ந்த பாலியல் வன்முறையை ஒட்டி மூண்ட மோதலில், நிர்வாகத்தின் அடியாள் என்று கருதப்பட்ட ஒருவர் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் 1946 ஜனவரி 8 அன்று நான்கு தொழிலாளர்கள் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்னியம்பாளையம் தியாகிகள் என்று தொழிற்சங்க இயக்கம் அவர்களை இன்றும் நினைவுகூர்கிறது. கொலையை நியாயப்படுத்த இதைக் குறிப்பிடவில்லை. ஒரு பெண்ணின் புகாரைக் கேட்க ஆலைக்குள் எந்த அமைப்பும் இல்லாத நிலை எத்தனை உயிர்களைக் கொண்டுபோயிற்று என்பதற்காகவே குறிப்பிடுகிறேன். பெண் தொழிலாளியின் பாதுகாப்புக்கு ஓர் அமைப்பு வேண்டும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்ல 1997 ஆயிற்று (விசாகா தீர்ப்பு). அது சட்டமாக 2013 ஆயிற்று.

3. சட்டம் போட்ட வேலி

அதே 2013இல்தான் புதிய நிறுவனங்கள் சட்டமும் வந்தது. அதன் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டை, நிறுவனச் சமூகப் பொறுப்பு என்ற பெயரில், சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொடக்கத்தில் செலவிடாவிட்டால் காரணம் சொன்னால் போதும் என்றிருந்தது. 2021 முதல் அபராதம் உண்டு. முதலாண்டில் பத்தாயிரம் கோடி அளவில் இருந்த மொத்தச் செலவு, 2022–23இல் முப்பதாயிரம் கோடியை ஒட்டி வந்துவிட்டது. பெரும்பங்கு கல்விக்கும் மருத்துவத்துக்கும் போகிறது. பாலினச் சமத்துவமும் பெண்கள் விடுதியும்கூட, செலவிடத்தக்கவற்றைப் பட்டியலிடும் அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இடம்பெற்றிருக்கின்றன.

எதைச் சமூகப் பொறுப்பாகக் கணக்குக் காட்டக் கூடாது என்பதற்கும் விதி உண்டு. சொந்த ஊழியர்களுக்குப் பயன்படும் செலவைக் காட்டக் கூடாது. வேறு சட்டங்களின்படி செய்தே ஆக வேண்டியதையும் காட்டக் கூடாது. இதன் நோக்கம் நல்லது. இ.எஸ்.ஐ. பங்குத்தொகையையோ தொழிலாளர் சட்டம் கட்டாயமாக்கிய குழந்தைகள் காப்பகத்தையோ தர்மக் கணக்கில் எழுத விட்டால், கடமையே கொடையாக வேடம் போட்டுவிடும். விதியை எழுதியவர்கள் அதைத் தடுக்க நினைத்தது சரி.

விளைவு மட்டும் வேறாக அமைந்தது. நிறுவனம் தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதும் சட்டம். ஆகவே ஆலையைச் சுற்றியுள்ள கிராமத்துப் பெண்ணுக்கு முகாம் கிடைக்கிறது. ஆலை ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்ணோ பெரும்பாலும் தென்மாவட்டத்திலிருந்தோ, இப்போது ஒடிசா, ஜார்கண்ட், பீகாரிலிருந்தோ வந்தவர். அவர் ஊழியர் என்பதால் இந்த நிதி அவருக்கு இல்லை. அவர் விட்டு வந்த ஊர் வெகு தொலைவில் இருப்பதால் அங்கேயும் இந்த ஆலையின் பணம் போவதில்லை. அவருடைய உடல்நலத்துக்கு உரியவை தொழிலாளர் சட்டங்கள் மட்டுமே. அந்தச் சட்டங்களை நடைமுறைப்படுத்தும் ஆய்வாளர்களின் எண்ணிக்கையைப் பற்றியோ ஆய்வுகளின் தரத்தைப் பற்றியோ ஆண்டறிக்கையின் வண்ணப் படங்கள் எதுவும் சொல்வதில்லை.

4. தையல் லைனில் ஒரு மாத்திரை

ஆடை ஆலையின் தையல் லைனில் ஒவ்வொரு டெய்லரும் ஆடையின் ஒரு பாகத்தை மட்டும் தைப்பார். ஒருவர் கழுத்துப் பட்டை, அடுத்தவர் தோள், அதற்கடுத்தவர் கை. ஒருவர் எழுந்து போனால் அவருடைய மெஷினில் துணி குவியும். அடுத்தவர் கை வேலையின்றி நிற்கும். மணிக்கு இத்தனை பீஸ் என்ற டார்கெட் பலகையில் எழுதியிருக்கும். அது குறைந்தால் லைன் சூப்பர்வைசருக்கு மேலிருந்து திட்டு விழும். அவர் அதைக் கீழே இறக்குவார். இதனால் பெண்கள் கழிப்பறைக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போட முடியாது என்று தெரிந்தவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்ப் பாதைத் தொற்று இந்த ஏற்பாட்டிலிருந்து வருகிறது. அறியாமை அதற்குக் காரணமில்லை.

மாதவிடாய் நாட்களில் இது இன்னும் கடுமை. தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழகத்து ஆடைத் தொழிலாளர்களான ஏறத்தாழ நூறு பெண்களிடம் பேசி 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மாதவிடாய் வலிக்காக வேலையிடத்தில் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகள் தங்களுக்குத் தரப்பட்டதாக அவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பாதிக்கு மேற்பட்டோர் அதனால் உடல்நலம் கெட்டதாகச் சொன்னார்கள். நூறு பேர் என்பது முழுத் தொழிலுக்கும் பொருந்தும் புள்ளிவிவரம் அன்று. பத்திரிகை விசாரணைக்கும் மருத்துவ ஆய்வுக்கும் வேறுபாடு உண்டு. ஆயினும் அந்த மாத்திரை எதற்குப் பதிலாகக் கொடுக்கப்பட்டது என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்லலாம். பத்து நிமிட ஓய்வுக்கும் ஒரு நாள் விடுப்புக்கும் பதிலாகத்தான் அது வந்தது. இலவசமாகக் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. முகாமில் விரல் நுனியில் குத்தி ஹீமோகுளோபின் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவது எளிது. மூன்று மாதம் கழித்து அதே பெண்ணை மறுபடி பார்த்தார்களா, அவர் சாப்பாட்டு இடைவேளையில் என்ன சாப்பிடுகிறார், இரவு ஷிப்ட் முடிந்து எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்ற கேள்விகளுக்கு முகாமின் படிவத்தில் கட்டமே இருப்பதில்லை. எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்ற கட்டம் மட்டும் இருக்கும்.

5. இரண்டு விளக்கங்கள்

இந்தத் துறையில் செல்வாக்குள்ள பார்வைகள் இரண்டு. முதலாவது, பெண்ணின் உடல்நலம் நிறுவனத்துக்கும் லாபம் என்கிறது. பி.எஸ்.ஆர். என்ற அமைப்பு 2007இல் தொடங்கிய ஹெர்புராஜெக்ட் இதன் முதன்மையான எடுத்துக்காட்டு. ஆலையிலேயே சில பெண்களைத் தேர்ந்து பயிற்சி அளிப்பது, அவர்கள் சக தொழிலாளர்களுக்கு மாதவிடாய்ச் சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாடு, ஊட்டச்சத்து ஆகியவற்றைச் சொல்லிக்கொடுப்பது, இதனால் வேலைக்கு வராத நாட்கள் குறைவது என்பது அதன் தர்க்கம். ஆலைக் கதவைத் தாண்டி உள்ளே போனது இதன் பெரிய பலம். வீட்டில் எவரும் சொல்லித்தராத செய்திகளை ஓர் இளம்பெண் தோழியிடமிருந்து தெரிந்துகொள்வது சிறு விஷயமன்று. ஆனால் பயிற்சி பெற்ற அந்தத் தோழியால் டார்கெட்டை மாற்ற முடியாது. தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று அவர் சொல்லலாம். குடித்த பிறகு எழுந்து போக அனுமதி வாங்கித்தர அவரால் ஆகாது.

இரண்டாவது பார்வை கொடையையே சந்தேகிக்கிறது. அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கென இளஞ்சிவப்பு நாடா ஒட்டிய பொருட்கள் கடைகளில் குவிந்தபோது, பிரெஸ்ட் கேன்சர் ஆக்‌ஷன் என்ற அமைப்பு 2002இல் ஓர் எதிர்ப்பிரச்சாரத்தைத் தொடங்கியது. விற்ற விலையில் எவ்வளவு உண்மையில் நோயாளிக்குப் போகிறது, அந்தப் பொருளே புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியதா என்று கேட்டது. இந்தக் கேள்வியைத் தையல் லைனுக்கும் கொண்டுவர வேண்டும்: கொடை தரும் இரண்டு விழுக்காடு போக மீதியுள்ள தொண்ணூற்றெட்டு எப்படி ஈட்டப்பட்டது? ஆனால் இப்பார்வையோடும் நான் முழுவதும் உடன்படவில்லை. கொடையெல்லாம் வேடம் என்று ஒதுக்கிவிட்டால், வேலூரையும் அடையாறையும் விளக்க முடியாது.

இரு பார்வைகளும் பேசாமல் விடுவது பாதுகாப்பைப் பற்றி. சுமங்கலித் திட்டம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. திருமகள் திருமணத் திட்டம் என்றும் சில இடங்களில் அதற்குப் பெயர். ஏழைக் குடும்பங்களிலிருந்து, பெருமளவு தலித் குடும்பங்களிலிருந்து, இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் நூற்பாலைக்கு அழைத்துவந்து, முடிவில் ஒரு மொத்தத் தொகையைக் கல்யாணச் செலவுக்கெனத் தருவதாகச் சொன்னார்கள். உண்மையில் அத்தொகை பிடித்துவைக்கப்பட்ட கூலியே. இடையில் உடம்புக்கு முடியாமல் வெளியேறிய பெண்கள் பலருக்கு அது கிடைக்கவில்லை. நெதர்லாந்தின் சோமோ உள்ளிட்ட அமைப்புகள் 2011இலும் 2014இலும் வெளியிட்ட அறிக்கைகள் இதை விரிவாகப் பதிவுசெய்தன. ஹாஸ்டல் கதவு பூட்டியிருந்ததும், செல்போன் மறுக்கப்பட்டதும், வார்டன் துணையோடுதான் கடைத்தெருவுக்குப் போக முடிந்ததும் அவற்றில் உண்டு. இவையெல்லாம் எந்தப் பெயரில் நடந்தன என்று பார்த்தால், பெண்களின் பாதுகாப்பு என்ற பெயரில்தான். வயதுப் பெண்ணை நம்பி அனுப்பும் பெற்றோருக்கு அது ஆறுதலாகவும் இருந்தது. சேர வேண்டிய கூலி சீராகவும், அடைத்துவைப்பது காவலாகவும் காட்டப்பட்ட அந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொண்டுதான், நிறுவனம் பெண்ணுக்குப் பாதுகாப்பு வழங்குகிறது என்ற வாக்கியத்தை நாம் படிக்க வேண்டும்.

6. திண்டுக்கல் ஒப்பந்தம்

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஏற்றுமதி ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். தொந்தரவு பலநாள் நீடித்ததாகக் குடும்பத்தாரும் சக தொழிலாளர்களும் சொன்னார்கள். இந்த ஆலை உலகின் பெரிய பிராண்டுகளுக்குத் தைத்துக்கொடுத்தது. பிராண்டுகளின் நடத்தை விதிகளும் ஆலைத் தணிக்கைகளும் நிறைந்த தொழில் இது. அவை அந்தப் பெண்ணைக் காக்கவில்லை.

பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் என்ற சங்கம், ஆசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ், குளோபல் லேபர் ஜஸ்டிஸ் ஆகிய அமைப்புகளோடு சேர்ந்து பதினைந்து மாதங்கள் போராடியது. 2022 ஏப்ரலில் உற்பத்தியாளரான ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸும் எச் அண்டு எம் பிராண்டும், பின்னர் கேப், பிவிஎச் ஆகிய பிராண்டுகளும் கையெழுத்திட்ட ஏற்பாடுதான் திண்டுக்கல் ஒப்பந்தம். ஏறத்தாழ ஐயாயிரம் தொழிலாளர்கள் அதன்கீழ் வந்தார்கள். பாலின வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் அது பெயர் சொல்லித் தடைசெய்தது.

இதில் பணம் இரண்டாம்பட்சம். அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். தொழிலாளர்களிலிருந்தே தளக் கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்து பயிற்றுகிறது. சூப்பர்வைசர் கெட்ட வார்த்தையில் திட்டினால், தோளைத் தொட்டுப் பேசினால், கழிப்பறைக்கு விடாவிட்டால், அந்த நேரத்திலேயே பேச அவர்களுக்கு உரிமை உண்டு. கொலையில் முடியும் வன்முறை தொடங்குவது இந்தச் சிறு அத்துமீறல்களில்தான் என்று சங்கத்துப் பெண்கள் தங்கள் அனுபவத்திலிருந்து சொன்னார்கள். புகார் கொடுத்தவரைப் பழிவாங்க முடியாது. தகராறு தீராவிட்டால் நடுவர் தீர்ப்புக்குப் போகலாம், அது கட்டுப்படுத்தும். உற்பத்தியாளர் ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டுகள் வணிக ரீதியாக நடவடிக்கை எடுத்தாக வேண்டும். கொடையில் இவற்றில் ஒன்றும் கிடையாது. முகாம் நடத்தாத நிறுவனத்தின்மீது எந்தப் பெண்ணும் வழக்குப் போட முடியாது.

முதலாண்டு முடிவில் ஒப்பந்தத் தரப்புகள் வெளியிட்ட அறிக்கை, 185 குறைகள் எழுப்பப்பட்டதாகவும் அவற்றில் மிகப் பெரும்பாலானவை தீர்க்கப்பட்டதாகவும் சொன்னது. தரப்புகளே தந்த கணக்கு என்பதால் இதை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் என்னைக் கவர்ந்தது தீர்ந்த விழுக்காட்டைவிட எழுந்த எண்ணிக்கையே. வாய் திறக்க அஞ்சிய இடத்தில் பெண்கள் வாய் திறந்திருக்கிறார்கள். சமூகப் பொறுப்பு அறிக்கை எதுவும் புகார்கள் பெருகியதைச் சாதனையாக அச்சிட்டு நான் பார்த்ததில்லை. கொடையாளருக்கு நன்றி தேவைப்படுகிறது. பாதுகாப்புக்குப் புகார் தேவைப்படுகிறது. இந்த முரணைக் கூடுதல் நிதி ஒதுக்கித் தீர்க்க முடியாது.

7. எதிர்வாதங்கள்

ஐயாயிரம் பேர் என்பது இப்பெரும் தொழிலில் சிறு துளி. ஏற்றுமதியும், பெயரைக் காத்துக்கொள்ள விரும்பும் பிராண்டும் உள்ள இடத்தில்தான் இத்தகைய ஒப்பந்தம் சாத்தியம். உள்நாட்டுச் சந்தைக்கு நூல் நூற்கும் ஆலைக்கு அத்தகைய அழுத்தம் இல்லை. வீட்டு வேலை செய்பவர், வயலில் களை எடுப்பவர், வீட்டிலேயே பனியன் மடித்துப் பீஸ் கணக்கில் கூலி வாங்குபவர் ஆகியோருக்கு ஒப்பந்தம் போட ஒரு முதலாளி கண்ணுக்குத் தெரிவதே இல்லை. இது வலுவான எதிர்வாதம். இப்பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் தொடர் சிகிச்சையும் கிடைக்க நிறுவனப் பணம் உதவுமானால் அதை வரவேற்க வேண்டும். நிபந்தனை ஒன்று: பரிசோதித்ததோடு நின்றுவிடாமல், நோய் கண்ட பெண் சிகிச்சை முடித்தாரா என்பதுவரை அதே நிதி தொடர வேண்டும்.

விடுதி, தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம் ஆகியவையும் பாதுகாப்புதானே என்று கேட்கலாம். ஆம். பொது இடத்து ஆபத்துக்கு அவை பயன்படும். அங்கே கொடுக்கும் நிறுவனம் ஆபத்துக்குக் காரணமாக இல்லை. நான் மறுப்பது, அவற்றைக் காட்டி ஆலைக்குள் இருக்கும் கேள்வியைக் கடந்துபோவதை மட்டுமே.

8. ஆண்டறிக்கையைப் படிக்கும் முறை

2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழுவைக் கட்டாயமாக்கியது. உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வெளியாள் ஒருவரும் வேண்டும். பத்தாண்டு கழித்து, 2023 மே மாதம், இச்சட்டம் நடைமுறையில் பெரும் குறைகளோடு இருப்பதாக உச்ச நீதிமன்றமே கவலை தெரிவித்தது. குழுவின் வெளி உறுப்பினரை நியமிப்பதும் அவருக்குப் படி கொடுப்பதும் நிறுவனமே. யாரை விசாரிக்க வேண்டுமோ அவரே நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் நிலை இது. வெளி உறுப்பினர்களை மாவட்ட அளவில் ஒரு பொதுப் பட்டியலிலிருந்து நியமித்து, நிறுவனங்கள் பொதுவாகச் செலுத்தும் நிதியிலிருந்து ஊதியம் தரலாம். அந்த நிதிமீது தனி நிறுவனம் எதற்கும் பிடி இருக்கக் கூடாது. சமூகப் பொறுப்பு விதிகளில் இதற்கு இடம் கொடுக்கச் சிறு திருத்தம் போதும். முகாமுக்குப் பந்தல் போடுவதைவிட இது பயனுள்ள செலவு என்பது என் கருத்து.

2025 ஜூலை முதல், இயக்குநர் குழு அறிக்கையில் ஆண்டில் வந்த பாலியல் துன்புறுத்தல் புகார்கள் எத்தனை, முடித்தவை எத்தனை, தொண்ணூறு நாளுக்கு மேல் நிலுவையில் உள்ளவை எத்தனை என்று நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும். சமூகப் பொறுப்புச் செலவின் இணைப்பும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. இரண்டையும் ஒருங்கே வைத்துப் படிக்கும் பழக்கம் பங்குதாரர்களுக்கும், துணி வாங்கும் பிராண்டுகளுக்கும், தொழிலாளர் துறைக்கும் வர வேண்டும். ஆயிரம் பெண்கள் மூன்று ஷிப்டில் வேலை செய்யும் ஆலையில் புகார் என்ற கட்டத்தில் பூஜ்யம் இருந்தால், அந்த ஆலைக்குள் போய்க் கேட்க வேண்டியவை சில உண்டு. குழுவின் வெளி உறுப்பினர் யார்? கடைசியாக அவர் எப்போது ஹாஸ்டலுக்கு வந்தார்? புகார் கொடுக்கும் முறையைச் சொல்லும் அறிவிப்புப் பலகை ஒடியாவிலும் இந்தியிலும் இருக்கிறதா? இரவு ஷிப்டில் இருக்கும் பெண் யாரிடம் போய்ச் சொல்வார்?